கண்ணுக்குப் புலனாகா மரங்கள்



இரத்தினபுரி என்றதும் உங்களுட் பலருக்கு மாணிக்கக் கல்லே நினைவுக்கு வரும். இன்று நான் பேசவிருப்பதோ கல்லைப் பற்றியன்று, மரத்தைப் பற்றி. எங்கள் மலைச்சரிவுகளில் நிற்கும் இறப்பர் மரத்திலே தொடங்கி, எவர் கண்ணுக்கும் புலனாகாதபடி மனிதன் ஆய்வுகூடத்தில் வளர்க்கும் சில மரங்களிடம் உங்களை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். இரசாயனவியலைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று யாரேனும் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. வரலாறும் தமிழும் கற்ற கலைப் பட்டதாரி நான். தோட்டப்புறத்து அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபர். என்னை இத்துறைக்குள் இழுத்து விட்டவள் பதினோராந் தரத்து மாணவி ஒருத்தி.

எங்கள் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இடம் சில மாதங்கள் வெற்றிடமாகவே கிடந்தது. பிள்ளைகள் வீணே அமர்ந்திருக்கலாகாது என்று நானே அவ்வகுப்புக்குச் சென்று, பாடநூலை உரக்க வாசிக்கச் செய்து வந்தேன். ஒரு நாள் அந்தப் பிள்ளை எழுந்து, "சேர், பாலுக்கு அசிட் ஊத்தினா ஏன் உறையுது?" என்று கேட்டாள். அவளுடைய தாய் பால் வெட்டுபவர். என் தாயும் அவ்வாறே. விடியுமுன் மரத்தைச் சீவி, சிரட்டையில் வடிந்ததை வாளியிலே சேர்த்து, ஸ்டோருக்குச் சுமந்து சென்று நிறுத்துக் கொடுத்த கைகளால் வளர்ந்தவன் நான். ஆகவே மிக்க துணிவோடு, "அமிலம் விட்டால் பால் உறையும், அது அதன் இயல்பு" என்றேன். அவள் அமரவில்லை. "அது எனக்கும் தெரியும் சேர். ஏன்னுதான் கேட்டேன்" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஐம்பது ஆண்டுகளாகக் கண்முன்னே நிகழ்ந்த ஒன்றுக்குக் காரணம் அறியாமலே இருந்துவிட்டோமே என்ற வெட்கந்தான்.

அதன் பின்னர் வார இறுதிகளில் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுட் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இறப்பர் இந்நாட்டு மரமன்று. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனிலுள்ள கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுட் சிறு பகுதியே முளைத்தது. முளைத்தவற்றிலிருந்து 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பெற்றன. இன்று கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களில் நாம் காணும் இறப்பர்க் காடுகளின் மூதாதையர் அக்கன்றுகளே.

அம்மரத்தின் பால் என்பது நீர். அந்நீரில் மிதக்கும் எண்ணற்ற நுண்ணிய இறப்பர்த் துளிகள் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொரு துளியும் ஒரு போர்வை போர்த்தியிருக்கிறது. புரதமும், பொசுபரசு கலந்த கொழுப்பும் சேர்ந்து அமைந்த போர்வை அது. அதன் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் உண்டு. ஒரே வகை மின்னேற்றமுடையவை ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? ஆகவே துளிகள் நெருங்குந்தோறும் விலகிக்கொள்கின்றன. பால் பாலாகவே இருக்கிறது. போமிக் அமிலத்தைக் கலந்தவுடன் அவ்வேற்றம் அற்றுப் போகிறது. தள்ளுவதற்கு எதுவும் இல்லாமையால் துளிகள் மோதி ஒட்டிக் கட்டியாகின்றன. மாறாக, பாலைத் திரவமாகவே நெடுநாள் வைத்திருக்க வேண்டுமாயின் அமோனியா சேர்க்கிறார்கள். உள்ளேயிருக்கும் இறப்பர் இரண்டு வேளையிலும் அதே இறப்பர்தான். போர்வை மாறியதே மாற்றமெல்லாம்.

இந்த விடையை அந்தப் பிள்ளையிடம் சொன்ன நாளில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உடனே அடுத்த வினா வந்துவிட்டது. "அப்ப அந்தப் போர்வைய நாம நெனைச்ச மாதிரி மாத்தலாமா சேர்?" உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் வினா அதுவே என்பதை அப்போது நான் அறியேன்.

அதை விளக்க, முதலில் துளியின் உள்ளே செல்ல வேண்டும். இறப்பர் என்பது ஐசோபிரீன் என்னும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. இவ்வாறு சிறியன பல கூடிப் பெரிதாகும் பொருளைப் பல்பகுதியம் என்கிறோம். இப்படிப்பட்ட பெருஞ்சங்கிலி உண்டென்பதையே ஒரு காலத்தில் அறிஞர்கள் ஏற்கவில்லை. சிறு வளையங்கள் பல ஏதோ ஒரு கவர்ச்சியால் திரண்டு கிடப்பதே இறப்பர் என்பது அன்றைய கொள்கை. ஜேர்மனியரான ஹெர்மன் ஸ்டௌடிங்கர் 1920இல் இதை மறுத்தார். இறப்பரின் இரட்டைப் பிணைப்புகளில் ஐதரசனைச் சேர்த்து நிரப்பிவிட்டால் அக்கவர்ச்சி ஒழிய வேண்டும், திரள் சிதற வேண்டும் என்பது எதிர்க்கட்சியாரின் கொள்கைப்படி பெறப்படுவது. அவர் சேர்த்துப் பார்த்தார். சிதறவில்லை, ஆகவே அது உண்மையான பெருமூலக்கூறே. 1953ஆம் ஆண்டில், தமது எழுபத்திரண்டாம் வயதில், நோபல் பரிசு பெற்றார். இதற்கெல்லாம் சாட்சி சொன்னது நம் தாய்மார் வெட்டிய வகைப் பால் என்பதை நினைக்க எனக்குச் சிறிது பெருமைதான்.

நீண்ட சங்கிலிகளுக்கு ஒரு குணம் உண்டு. இடியப்பத் தட்டிலே ஓர் இழையைப் பிடித்து இழுத்தால் மற்றையனவும் சிக்குண்டு வருமே, அதுபோல அவையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதனால் உருக்கினால் குழம்பு கடுமையாகும், கரைத்தால் பிசுபிசுக்கும். மேலும் ஒரு சங்கிலிக்கு முனைகள் இரண்டே. அச்சங்கிலியே நடுவில் கிளைவிட்டு, கிளையிலிருந்து கிளையாகப் பிரிந்து சென்றால் என்ன ஆகும்? உருவம் உருண்டையாகும். இடியப்பமாய் இருந்தது எள்ளுருண்டையாகும். உருண்டைகள் பின்னிக்கொள்ளா, உருண்டு விலகும். முனைகளோ நூற்றுக்கணக்கில் பெருகி, யாவும் புறத்தே வந்து நிற்கும். நிற்கும் முனைகளில் நாம் விரும்பியதைக் கட்டலாம்.

இயற்கை இதனை எப்போதோ செய்துவிட்டது. நம் ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசன் என்னும் பொருளாகச் சர்க்கரை சேமிக்கப்பட்டிருக்கிறது. குளுக்கோசு மூலக்கூறுகளாலான மரம் அது. எட்டிலிருந்து பன்னிரண்டு குளுக்கோசுக்கு ஒரு கிளை என்ற கணக்கில் செறிந்து பிரிந்தது. காலை வேளையில் வாளியோடு மலையேறும் ஒருவருக்கு உடனடியாகச் சக்தி தேவைப்படும்போது, ஒரு முனையிலிருந்து ஒன்றொன்றாகக் கழற்றிக் கொண்டிருக்க உடலுக்கு நேரமில்லை. முனைகள் பல இருப்பதால் ஒரே வேளையில் பல இடங்களிலிருந்து குளுக்கோசைக் கழற்றிக் கொடுக்க முடிகிறது. கிளை அழகுக்காக அமைந்ததன்று, அவசரத்துக்காக அமைந்தது.

மனிதன் இத்தகைய மரத்தைத் திட்டமிட்டு வளர்த்த கதை 1978இல் ஜேர்மனியின் பொன் நகரிலே, பிரிட்ஸ் ஃபோக்டில் என்பவரின் சிறு முயற்சியோடு தொடங்குகிறது. பெருமுயற்சி அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் மிட்லண்ட் நகரிலுள்ள டௌ இரசாயனக் கம்பனியில் நிகழ்ந்தது. அங்கு டொனால்ட் டொமாலியாவும் அவர் தோழர்களும் ஆக்கிய மூலக்கூறுகளைப் பற்றிய கட்டுரை 1985இல் வெளிவந்தது. மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவற்றுக்கு டென்ட்ரிமர் என்று பெயரிட்டனர். அதே ஆண்டில் ஜோர்ஜ் நியூகம் என்பவர் இலத்தீனில் மரத்தைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு தம் மூலக்கூறுகளை ஆர்போரோல் என்றழைத்தார். இரு கூட்டத்தாரும் தனித்தனியே ஆய்ந்து, மரம் என்ற ஒரே உவமைக்கு வந்து சேர்ந்தது வியப்பன்றோ?

டொமாலியாவின் முறை கேட்கச் சுலபமானது. நடுவிலே கருவாக எதிலீன் டைஅமீன் என்னும் சிறு மூலக்கூற்றை வைக்கிறார்கள். அதில் நைதரசன் அணு இரண்டு. ஒவ்வொன்றிலும் பற்றிக்கொள்ள இரண்டு இடங்கள். ஆக நான்கு கைகள். ஒவ்வொரு கையிலும் மீதைல் அக்கிரிலேற்று என்ற மூலக்கூறு ஒன்றைக் கோக்கிறார்கள். அதன் மறுமுனையில் மீண்டும் எதிலீன் டைஅமீனைக் கோக்கிறார்கள். இப்போது நான்கு முனை. ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கை உண்டாதலால் அடுத்த சுற்றில் எட்டு முனை, அதற்கடுத்து பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு. ஒவ்வொரு சுற்றையும் ஒரு தலைமுறை என்கிறார்கள். நான்கு முனை நின்ற நிலையைப் பூச்சியந் தலைமுறை எனக் கொண்டால் நான்காந் தலைமுறையில் 64 முனை, பத்தாந் தலைமுறையில் 4,096. சதுரங்கக் கட்டத்திலே நெல்மணியை இரட்டித்துக் கேட்ட புலவர் கதை உங்களுக்கு நினைவு வரலாம். ஆனால் அளவோ மிகச் சிறிது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீற்றர். நான்காந் தலைமுறை மரத்தின் குறுக்களவு ஏறத்தாழ நாலரை நானோமீற்றரே.

கேட்கச் சுலபம் என்றேன், செய்யக் கடினம். எதிலீன் டைஅமீனுக்கு இரு பக்கமும் கை இருப்பதால், அது ஒரு மரத்தின் இரு கிளைகளையோ இரண்டு மரங்களையோ பாலமிட்டு இணைத்துவிடக் கூடும். அதைத் தடுக்க அதனை மிக மிகுதியாகச் சேர்க்க வேண்டும்; பின்னர் எஞ்சியதைச் சிறிதும் விடாமல் நீக்க வேண்டும். எஞ்சியது நின்றால் அடுத்த சுற்றில் அதுவே புதுக் கருவாகி வேறு மரம் முளைக்கும். இன்னுமொரு கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். நான்காந் தலைமுறையை எட்ட ஒரு மரத்தில் மொத்தம் 248 பிணைப்புகள் உண்டாக வேண்டும். ஒவ்வொன்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாக நிகழ்ந்தாலும், குறையே இல்லாத மரம் நூற்றுக்கு எட்டுத்தான் தேறும். தொண்ணூற்றொன்பது புள்ளி எடுத்த பிள்ளையைத் தட்டிக்கொடுத்துப் பழகிய ஆசிரியனுக்கு இந்தக் கணக்கு சிறிது அதிர்ச்சி தந்தது.

வேறொரு தடையும் உண்டு. முனைகள் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கின்றன, புறப்பரப்போ அவ்வேகத்தில் விரிவதில்லை. ஆகவே ஒரு கட்டத்தில் முனைகள் நெருக்குண்டு மேலும் வளர இடமின்றிப் போகும் என்று பிரெஞ்சு அறிஞர்களான டி ஜென்னும் ஹெர்வேயும் 1983லேயே கணித்தனர்.

இதற்கு மாற்றாக, 1990இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஹோக்கரும் ஃப்ரெஷேயும் தலைகீழாகத் தொடங்கினர். முதலில் இலைகள், பின் கொப்பு, பின் கிளை எனக் கட்டி, முழுக் கிளைகளையும் இறுதியில் ஒரு கருவிலே பொருத்தினர். வெவ்வேறு இலை கொண்ட கிளைகளை ஒரே கருவில் பொருத்த முடிந்ததால், ஒரு பக்கம் ஒரு குணமும் மறுபக்கம் வேறு குணமும் உடைய மரம் கைகூடியது.

இத்தனை பாடும் வேண்டாம், மரம் கொஞ்சம் கோணலாய் வளர்ந்தாலும் போதும் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அதன் கணக்கை போல் ஃபுளோரி 1952லேயே எழுதிவிட்டார். ஒரு கொளுக்கியும் இரண்டு வளையங்களும் உடைய துண்டுகளை எண்ணிப் பாருங்கள். கொளுக்கி வளையத்தில் மட்டுமே மாட்டும். இவ்வாறான நூறு துண்டுகளை ஒரு பாத்திரத்திலிட்டு, யாவும் ஒன்றாய் மாட்டிக்கொள்ளும்வரை கிளறினால், எஞ்சுவது ஒரு கொளுக்கியும் 101 வளையமும். ஒரே அடுப்பில், ஒரே பாத்திரத்தில், ஒரே முறையில் சமைத்த மரம். வளையத்தோடு வளையம் மாட்டாதாகையால் எல்லாம் வலைபோல இறுகிக் கெட்டிப்படுவதும் இல்லை. இவற்றை மிகைக்கிளைப் பல்பகுதியங்கள் என்பர். டென்ட்ரிமர் போல் ஒழுங்கு இருக்காது; சரிபாதி இடங்களிற்றான் கிளை முழுமையாகப் பிரிந்திருக்கும். ஆயினும் மலிவு. சுவீடனில் இவ்வகைப் பொருளைத் தொழிற்சாலையில் ஆக்கி, வர்ணப்பூச்சு முதலியவற்றுக்குப் பயன்படுத்துகிறார்கள். என் சொந்த அபிப்பிராயம், நம்மைப் போன்ற நாடுகளுக்கு உகந்த வழி இதுவே.

இதற்குச் சான்று அயலிலேயே உண்டு. அஸ்ஸாமிலுள்ள தேஸ்பூர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நிரஞ்சன் கரக் குழுவினர், தாவர எண்ணெய்களிலிருந்து மிகைக்கிளைப் பல்பகுதியங்களை ஆக்கியுள்ளனர். அவர்கள் எடுத்த எண்ணெய்களுள் ஒன்று நாகமரத்து விதையின் எண்ணெய். நம் அயலவர் 'நா' என்று போற்றும் மரம் அது. 1986இல் இந்நாட்டின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டதும் அதுவே. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் எஸ். ராமகிருஷ்ணன் குழுவினர் மிகைக்கிளை மரங்களின் புறமுனைகளை வேண்டியவாறு மாற்றும் வழிகளைக் கண்டனர். நீரை விரும்பும் முனைகளையும் எண்ணெயை விரும்பும் முனைகளையும் ஒரே மரத்தின் புறத்தே கலந்து கட்டினால், மரம் தானே வளைந்து கொடுத்து, முன்னவை ஒரு பக்கமும் பின்னவை மறு பக்கமுமாய்ப் பிரிந்து நிற்கும் என்பதையும் அவர்கள் காட்டினர்.

புறமுனை மாறுவதால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். இறப்பர்ப் பாலில் கண்டதை மறவாதீர்கள். டொமாலியாவின் மரத்தில் இயல்பாக நிற்பவை அமீன் முனைகள். உடலின் நீரில் அவை நேர் மின்னேற்றம் பெறும். நம் உயிரணுக்களின் புறமோ பெரும்பாலும் எதிரேற்றமுடையது. ஆகவே அம்மரம் அணுவின் சவ்விலே சென்று ஒட்டி, அதைத் துளைத்துக் கெடுக்கிறது. அதே மரத்தின் முனைகளை அசற்றைல் கூட்டத்தால் மூடினால் நச்சுத்தன்மை பெரிதும் தணிகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலே லைசின் என்ற பொருளால் ஒரு மரம் ஆக்கி, அதன் 32 முனைகளிலும் எதிரேற்றம் தரும் கூட்டங்களைக் கட்டினார்கள். அது கிருமிகள் அணுக்களில் ஒட்டுவதைத் தடுக்கும் மருந்தாயிற்று.

இன்னுமொரு செய்தியைச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் ரங்கராமானுஜம் கண்ணன், சுஜாதா கண்ணன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், நம் செவிக்கு அந்நியமல்லாத பெயருடையோர், ஐதரொட்சில் முனைகள் கொண்ட நான்காந் தலைமுறை மரத்தை எடுத்துக்கொண்டனர். தாய் வயிற்றிலேயே மூளை அழற்சிக்கு உட்பட்டு, கைகால் சரிவர இயங்காது பிறந்த முயற்குட்டிகளுக்கு, அம்மரத்தின் முனைகளில் மருந்தைக் கட்டிப் பிறந்த நாளிலேயே ஊசி மூலம் செலுத்தினர். மூளைக்குள் நல்ல பகுதிகளை விட்டு, அழற்சியுற்ற அணுக்களிலேயே மரம் போய்ச் சேர்ந்தது. சில நாள்களில் குட்டிகளின் நடமாட்டம் தேறியது. 2012இல் வெளியான ஆய்வு இது. விலங்கில் பலித்தது மனிதரில் பலிக்குமென்று துணிந்து கூறலாகாது. எனினும் அதன் வழிவந்த மருந்தொன்றைக் கடுங்கொவிட் நோயாளர் சிலரிடம் சோதித்த முடிவுகள் 2022இல் வெளிவந்தன. அம்மருந்தை வளர்க்கும் நிறுவனம் சூடிக்கொண்ட பெயர் அஸ்வத்தா. அரச மரம் என்பது அதன் பொருள்.

இவற்றையெல்லாம் அந்தப் பிள்ளைக்கு நான் தெரிந்த அளவில் சொன்னேன். அவள் சாதாரண தரப் பரீட்சையில் நன்கு சித்தியெய்தினாள். அதன் பின்னர் வந்ததுதான் உண்மையான சிக்கல். எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை. இச்சப்ரகமுவ மலைகளில் தமிழில் விஞ்ஞானம் பயிலத்தக்க பாடசாலைகள் மிகச் சிலவே என்பது நேயர்களுக்குத் தெரியும். ஒன்றுக்குச் செல்ல அவள் இரண்டு பஸ் மாற வேண்டும். "கலையில சேத்தா வீட்டுப் பக்கத்துலயே படிச்சிருமே, நீங்களும் அதத்தானுங்களே படிச்சீங்க" என்று அவளுடைய தாய் என் முன்னே வந்து நின்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. பஸ் கட்டணமும், இருட்டிலே இறங்கி லயத்துக்கு நடந்து வருவதும் அவருக்கு எண்ணிப் பார்க்க வேண்டிய விடயங்கள். நான் என்ன கூறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். "நான் கலை படித்தது விரும்பியா, வேறு வழி இல்லாமலா என்பது எனக்கே இன்றுவரை தெரியாதம்மா. இந்தப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கட்டும்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்று, பிறகு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று வினவினார்.

ஐந்தரை மணிக்கு. பால் வெட்டுக்குச் செல்லும் தாயும் மகளும் இப்போது ஒரே வேளையில் லயத்தை விட்டு இறங்குகிறார்கள். சென்ற மாதம் அவள் என்னைப் பார்க்க வந்தாள். புதிய பாடசாலையின் ஆய்வுகூடத்துக்கு ஒரு போத்தல் இறப்பர்ப் பால் கொண்டு போக வேண்டுமாம். அமோனியா எவ்வளவு சேர்த்தால் மாலைவரை உறையாமல் இருக்கும் என்று கேட்டாள். அதற்கும் எனக்கு விடை தெரியவில்லை. ஸ்டோருக்குப் போய் விசாரித்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.